அருவருப்பும் ஆராதனையும்

மானின் விழியும் மயிலின் தோகையும் நம் உள்ளத்தில் எளிதாக அன்பைத் தோற்றுவிக்கின்றன. அந்த அன்புக்காக நாம் எதையும் துறக்க வேண்டியதில்லை. ஆனால் கண்டவுடன் முகம் சுளிக்க வைக்கும் ஓர் உயிரிடம் நம் அன்பு என்னவாகிறது? எல்லா உயிர்களிலும் இறைவன் உறைகிறான் என்று நாள்தோறும் ஓதும் நாம் விடை கூற வேண்டிய கேள்வி இது.

அஸ்ஸாமில் ஹர்கிலா என்றொரு பறவை உண்டு. நாரை இனத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய 5 அடி உயரம். வழுக்கைத் தலை, தொங்கும் கழுத்துப் பை. இறந்த விலங்குகளின் ஊனையும் உண்ணும். 'எலும்பை விழுங்குவது' என்பதே அதன் பெயருக்குப் பொருள். வீட்டுத் தோட்டங்களின் உயர்ந்த மரங்களில் அது கூடு கட்டுகிறது. எச்சமும் ஊன் சிதறல்களும் முற்றத்தில் விழும். நாற்றம் வீட்டினுள் நுழையும். அபசகுனம் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ள, மக்கள் மரங்களையே வெட்டினர்.

2007-ஆம் ஆண்டு, காமரூப் மாவட்டத்துத் தாதரா கிராமத்தில் அவ்வாறு ஒரு மரம் வெட்டப்பட்டபோது 9 குஞ்சுகள் தரையில் விழுந்தன. ஏன் என்று கேட்டார் பூர்ணிமா தேவி பர்மன் என்ற விலங்கியல் ஆய்வாளர்; இரட்டைக் குழந்தைகளின் தாய். 'எங்கள் முற்றத்தைக் கூட்டிப் பெருக்க நீ வருகிறாயா?' என்ற பொருளில் அவரை ஏளனம் செய்தனர்.

அந்த ஏளனத்தில் ஒரு நியாயமும் இருந்தது. கருணை ஒருவருடையது, அதன் சுமை மற்றொருவருடையது என்றால் அது அறமாகுமா? உபதேசித்துவிட்டுத் திரும்புபவருக்குப் புண்ணியம். முற்றத்தைப் பெருக்குபவருக்கு நாற்றமா?

பர்மன் தமது ஆய்வுப் பட்டத்தைத் தள்ளி வைத்தார். கிராமத்துப் பெண்களுடன் பழகினார். மர உரிமையாளர்களை ஊரறியப் பாராட்டினார். கூடு கட்டும் காலத்தில், கருவுற்ற பெண்ணுக்குச் செய்வது போலவே பறவைக்கும் மங்கலச் சடங்கு நடத்தினர். பெண்கள் ஹர்கிலாவின் உருவத்தைத் துணிகளில் நெய்து வருவாயும் ஈட்டினர். இன்று 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இப்பணியில் உள்ளனர். அப்பகுதியில் 28 ஆக இருந்த கூடுகள், 2022-க்குள் 250-ஐக் கடந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறவை அழகாகிவிடவில்லை, நாற்றமும் நீங்கிவிடவில்லை. நாற்றம் உண்மை, ஆனால் 'இழிந்தது' என்ற தீர்ப்பு நாம் அதன்மேல் ஏற்றியது. கயிற்றின்மேல் பாம்பை ஏற்றியது போன்றதே அது. அழுகியதை உண்டு நிலத்தைத் தூய்மை செய்யும் உயிரையே நாம் அசுத்தம் என்றோம். தூய்மை செய்பவரைத் தாழ்ந்தவர் என ஒதுக்கிய பழைய பிழையை, மனிதரிடம் செய்தது போதாதென்று, பறவையிடமும் செய்தோம்.

அந்தப் பெண்கள் சமதிருஷ்டி பெற்ற பிறகு தொண்டுக்கு வரவில்லை. தொண்டு செய்யச் செய்யப் பார்வை மாறியது. கூட்டில் இருப்பது அருவருப்பான பறவை அல்ல, ஒரு தாய் என்று அவர்கள் கண்டனர். மனம் பக்குவப்படட்டும், பிறகு சேவை செய்யலாம் என்று காத்திருக்கும் சாதகர்களுக்கு இதில் பாடம் உண்டு.

1884-இல் தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர், உயிர்களுக்குத் தயை காட்ட நாம் யார், சிவனாகக் கண்டு சேவை செய்வதே தகும் என்ற கருத்தை உணர்த்தினார். தயை மேலிருந்து கீழே நோக்குகிறது. சேவையோ முற்றத்தைப் பெருக்கத் துடைப்பத்தை எடுக்கிறது. நம் வீட்டு மரத்தில் எந்தப் பறவை வந்து அமர்ந்தாலும், நம் வழிபாடு அங்கேயே தொடங்கலாம்.