தவறினாரா? தகுதியற்றாரா?

“யானைக்கும் அடி சறுக்கும்” என்பது பழமொழி. சறுக்கியவனுக்கு அது ஆறுதல். ஆனால், நடக்கவே கற்காதவனும் அதே பழமொழியின் பின்னே ஒளிந்துகொள்கிறானே, அவனை என் செய்வது? மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் எவராயினும், தொழிலில் நேர்ந்த தவறு எது, தொழிலுக்கே தகுதியின்மை எது என்று பிரித்தறிய அளவுகோல் உண்டா?

உண்டு என்கிறோம் நாம். வியன்னா நகரின் பொது மருத்துவமனை வரலாறு அதனைக் காட்டுகிறது.

அங்கே மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு. ஒன்றில் மருத்துவரும் மாணவரும் பணிபுரிந்தனர், மற்றதில் மருத்துவச்சிகள். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் 4,010 பேறுகளில் 459 தாய்மார் மாண்டனர். இரண்டாம் பிரிவில் 3,754 பேறுகளில் 105 பேர். படித்தவர் கைபட்ட இடத்திலே சாவு நான்கு மடங்கு! காற்றில் நச்சு என்றனர் அறிஞர்கள்.

காற்று அன்று, கையே காரணம் என்று 1847இல் கண்டார் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர். பிணத்தை அறுத்து ஆய்ந்த கையோடு வந்து தாய்மாரைத் தொட்டனர் மருத்துவர்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார் அவர். 1848இல் அதே முதற்பிரிவில், 3,556 பேறுகளில் மாண்டோர் 45 பேரே.

1846இல் கழுவாத கை செய்தது தவறு. அறியாமல் நேர்ந்த தவறு. செம்மல்வைசும் அதனைச் செய்தவரே. தம் கையாலும் தாய்மார் மாண்டனர் என்பதை 1861இல் வெளியிட்ட நூலில் மறைக்காது எழுதினார். ஆனால், கணக்குக் கண்முன் வந்தபின்னும் கழுவ மறுத்த பேராசிரியர்கள் செய்தது என்ன? செயல் அதே செயல். கை அதே கை. ஆண்டு மாறிற்று, செயலின் பெயரும் மாறிற்று.

அந்நோய்க்குக் காரணமான கிருமியை அன்று எவரும் கண்டறியவில்லையே என வாதிடலாம். மெய்தான். ஆயின், கை கழுவிப் பார்க்கக் கிருமியைக் காண வேண்டுமா? ஒரு பாத்திரம் குளோரின் நீர் போதாதா? பட்டம் இருந்தது, பதவி இருந்தது, பல்லாண்டுப் பழக்கம் இருந்தது; திருந்தும் ஆற்றல் மட்டும் இல்லை. அதுவே தகுதியின்மை. இன்று ஒருவர் கை கழுவாது கத்தியை எடுத்துவிட்டு, “எனக்குத் தெரியாது” என்பாராயின், அதுவும் தகுதியின்மையே. தொழிலை ஏற்றவர் தெரிந்திருக்க வேண்டியதைத் தெரியாதிருப்பது அறியாமை அன்று, கடமை தவறுதல்.

தோழர்களே! நாம் செய்யும் அநீதி இரண்டு. தவறை ஒப்புக்கொண்டவனைத் தண்டிக்கிறோம்; ஆகவே அடுத்தவன் மறைக்கக் கற்கிறான். தகுதியற்றவனைப் “பாவம், மனிதன்தானே” என மன்னிக்கிறோம். ஆகவே அவன் கையில் அடுத்த உயிரும் சிக்குகிறது. முன்னது நேர்மையைக் கொல்கிறது. பின்னது மனிதரையே கொல்கிறது.

எனவே, “ஏன் தவறினாய்?” என்பதோடு நில்லாதீர். “அறிய வேண்டியதை அறிந்திருந்தாயா? நேர்ந்ததை மறைத்தாயா? அறிந்தபின் மாறினாயா?” என்று கேளுங்கள். பிறரைக் கேட்குமுன், நாம் ஏற்ற பணியில் நம்மையே கேட்போம்.