திருப்பிக் கேட்கக்கூடிய படம்

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்களை வருவாய்த் துறையினர் மீட்டார்கள். இருளர் பழங்குடிக் குடும்பங்கள். எப்போதோ வாங்கிய சிறு முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் அங்கேயே அடைபட்டுக் கிடந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்தார். யாரோ அதைப் படமெடுத்தார்கள். நாளிதழ்கள் வழியாகவும் கைபேசிகள் வழியாகவும் அந்தப் படம் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அது நல்லது செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் அந்த முறை இருக்கிறது என்று எத்தனையோ மனுக்களும் அறிக்கைகளும் சொல்லிவந்தன. நம்பாதவர்கள் நம்பாமலே இருந்தார்கள். ஒரு படம் நம்பவைத்தது. ஆனால், மண்ணில் கிடந்த அந்தப் பெரியவரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க வழியில்லை. கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் அவரால் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க முடியுமா? விடுதலைக்காகக் கை கூப்புகிறவர், விடுவிக்க வந்த கூட்டத்தோடு வந்த கேமராவை எப்படி மறுப்பார்? அவருடைய வாழ்நாளில் மிகவும் நொந்துபோன கணம் எதுவோ, அதுவே ஊரார் அறிந்த அவர் முகமாகிவிட்டது.

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் மானாம்பதி, உத்திரமேரூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வி எங்கோ நடந்த செய்தியைப் பற்றியதல்ல. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு, செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் போகிற இருளர்கள் இந்தப் பக்கமெல்லாம் உண்டு. பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் பல காலம் அலைகிறவர்கள். இவர்களைப் படமெடுக்க வருகிறவர்களுக்கு மட்டும் குறைவில்லை. நலத்திட்ட உதவி வழங்கும்போது ஐந்தாறு கைகள் ஒரே அரிசிப் பையைப் பிடித்தபடி எடுக்கும் படம், தொண்டு நிறுவன அறிக்கைக்கான படம், கண்காட்சிக்காகச் சுருக்கம் விழுந்த முகத்தை நெருங்கி எடுக்கும் படம். உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் இருக்கின்றன. ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அன்று ஏட்டில் பெயர் ஏற உடைமை வேண்டியிருந்தது. இன்று படத்தில் முகம் ஏற இல்லாமையே போதுமானதாகிவிட்டது.

இப்படிப்பட்ட படங்களின் வரலாற்றில் ஒரு மறுப்பு பதிவாகியிருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தலையையும் மூக்கையும் அளந்து, படமும் எடுத்து, மனிதர்களை வகை பிரித்த நூல் அது. அதன் முன்னுரையில் அவரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஏதோ பழைய சிறு குற்றத்துக்காகக் காவலர்கள் தேடிக்கொண்டிருந்த ஒரு நீலகிரி இருளர் அளவெடுக்க வந்தாராம். உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்ததும் அது தூக்குமரம் என்று சொல்லி அளக்கவிட மறுத்துவிட்டாராம். தர்ஸ்டன் இதை வேடிக்கைக் கதையாகத்தான் எழுதியிருக்கிறார். வேடிக்கை என்று கடந்துபோக முடியவில்லை. தன்னை அளக்க வருகிற கருவி எந்த அதிகாரத்தோடு சேர்ந்து வருகிறது என்பது அந்த மனிதருக்குச் சரியாகவே தெரிந்திருந்தது.

அளவுகோலோடு சேர்ந்து வந்த கேமரா பிறகு கலையின் கைக்கு வந்தது. ஆனால் கலை என்றானதாலேயே கேள்வி தீர்ந்துவிடவில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான டயான் ஆர்பஸ், சமூகம் நேராகப் பார்க்கக் கூசியவர்களை நேருக்கு நேர் நிறுத்தி எடுத்தவர். 1969 முதல் 1971 வரை நியூ ஜெர்சியில், மனவளர்ச்சிக் குறைபாடு உடையவர்கள் தங்கியிருந்த இல்லங்களில் அவர் எடுத்த படங்களில் குதூகலமும் உண்டு, கண்ணியமும் உண்டு. அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1995இல் அவை நூலாயின. எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1977இலேயே ஆர்பஸின் பார்வையைக் கடுமையாக விமர்சித்திருந்தார். அந்த விமர்சனம் முழுவதும் நியாயம் என்று தோன்றவில்லை. ஆர்பஸின் பார்வையில் ஏளனம் இல்லை. ஆனாலும் அந்த இல்லங்களில் இருந்தவர்களால், படம் என்றால் என்ன, அது யார் யார் கண்ணில் படும், எத்தனை காலம் நிற்கும் என்பதையெல்லாம் அறிந்து சம்மதித்திருக்க முடியுமா? எடுத்தவரின் அன்பைக் கொண்டு எடுக்கப்பட்டவரின் உரிமையை ஈடுகட்டிவிட முடியாது.

இந்த இடத்தில் தில்லியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1989இல் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங், லண்டன் நாளிதழ் ஒன்றுக்காகத் திருநங்கைகளைப் பற்றிப் படமெடுக்கப் போனார். மோனா அகமதுவைச் சந்தித்தார். மோனா மகிழ்ச்சியாகவே படமெடுக்க விட்டார். படங்கள் லண்டனில் வரப்போகின்றன என்று தெரிந்ததும் அவர் மனம் மாறியது. அங்கே அவருக்கு உறவினர்கள் இருந்தார்கள். படச்சுருளைத் திருப்பிக் கேட்டார். தயானிதா கொடுத்துவிட்டார். மோனா அதைக் குப்பையில் போட்டார். வேலை கெட்டது. ஆனால் அங்கே தொடங்கிய நட்பு 2017இல் மோனா இறக்கும் வரை நீடித்தது. 2001இல் வந்த ‘நான், மோனா அகமது’ என்ற நூலில் படங்கள் தயானிதாவுடையவை, சொற்கள் மோனாவுடையவை.

எடுப்பதற்கு முன் வாங்கும் சம்மதம் பெரும்பாலும் ஒரு தலையசைப்புதான். வந்தவர் சட்டையையும் வண்டியையும் உடன் வந்த ஊர்ப் பெரியவரையும் பார்த்துவிட்டு அசைகிற தலை. அது சம்மதமா பணிவா என்று வெளியாருக்குப் பிரித்தறியத் தெரியாது. பின்னால் மனம் மாறி, ‘அதைக் கொடுத்துவிடு’ என்று கேட்க முடிகிறதா, கேட்டால் கிடைக்கிறதா என்பதில்தான் முதலில் அசைந்த தலைக்குப் பொருள் வருகிறது. மோனாவுக்கு அது வாய்த்தது. சுருள் என்ற ஒரு பொருள் இருந்தது, அதைத் திருப்பிக் கொடுக்கும் மனமும் எதிரில் இருந்தது. இன்றைய படம் எடுத்த நொடியில் நூறு கைபேசிகளுக்குப் போய்விடுகிறது. திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லாத காலத்தில், படமெடுப்பவர் வெளியிடுவதற்கு முன்பே நிறையப் பொறுத்தாக வேண்டும்.

சம்மதத்துக்குக் காத்திருந்தால் கொடுமை எப்போது வெளியே வரும் என்ற வாதம் வலுவானது. மரம் வெட்டும் இடத்தின் உரிமையாளர் நாளைக்கே சாட்சியைக் கலைத்துவிடுவார். படம் வேண்டும், உடனே வேண்டும். சரி. ஆனால் சாட்சியம் போய்ச் சேர வேண்டிய இடம் விசாரணைக் கோப்பு. விடுதலைச் சான்றிதழுக்கும் நிவாரணத்துக்கும் வழக்குக்கும் தேவையான படம், நாளிதழின் முதல் பக்கத்துக்கும் முகம் மறைக்காமல் வர வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. மீட்கப்பட்ட குழந்தையின் தாத்தாவுக்கு மட்டும் அந்த மானம் வேண்டாமா? முகம் தெரியாத படத்தை யார் நம்புவார்கள் என்று கேட்பவர்கள், ஒடுக்கப்பட்டவரின் சொல்லை ஏன் இத்தனை காலம் நம்பவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்று இந்தக் கேள்வியோடு அன்றாடம் வேலை செய்கிறவர் மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார். அவர் தாய் மீன் விற்பவர். அந்த மீன் வியாபாரத்தையும் அவர் படமெடுத்திருக்கிறார். மலக்குழி மரணங்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கி 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவு பழனி குமாருடையது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993லும் 2013லும் சட்டங்கள் தடை செய்தன. 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சாக்கடைச் சாவை மூச்சுத்திணறல், விபத்து என்று எழுதி மூடும் இடத்தில், குழிக்குப் பக்கத்தில் எடுத்த ஒரு படம் அந்த இழப்பீட்டுக்கே ஆதாரமாகலாம். படமே வேண்டாம் என்று சொல்லிவிடும் தூய்மைக்கு இங்கே இடமில்லை.

பழனி குமாரின் படங்கள் வேறுபடுவதற்குக் காரணம் அவர் ‘அந்த மக்களில் ஒருவர்’ என்பது மட்டுமே என்று சொல்லிவிடுவது எளிது. அது போதாது. உழைக்கும் வீட்டில் பிறந்தவருக்கும் கேமரா கைக்கு வந்ததும் ஒரு மேடு கிடைத்துவிடுகிறது. விருதும் பெயரும் அவரைத்தான் சேரும், படத்தில் இருப்பவரைச் சேராது. 2022இல் முதன்முதலாக வழங்கப்பட்ட தயானிதா சிங் - பாரி (ஊரக இந்திய மக்கள் ஆவணக இணையதளம்) ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. தகுதியானவருக்குக் கிடைத்த விருதுதான். ஆனால் அவர் வேலையில் அறம் என்று சுட்டத்தக்கது, சாவோடு அவர் நிறுத்திக்கொள்ளாதது. கணவரை இழந்த பெண்ணும் அப்பாவை இழந்த பிள்ளையும் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று அவர் பார்க்கிறார். திரும்பவும் போகிறவரிடம் கோபத்தைச் சொல்லலாம், போன படத்தைப் பற்றிக் கேட்கலாம், இனி எடுக்காதே என்றும் சொல்லலாம். ஒரு முறை வந்து எடுத்துப் போகிறவரிடம் இவற்றில் எதற்கும் வழியில்லை.

தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பழனி குமார் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கிறார். மானாம்பதிப் பக்கத்து ஏரிக்கரைப் பிள்ளைகளின் கையிலும் ஒரு கேமரா கிடைக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர் கண்ணில் படாத எத்தனையோ அங்கே படமாகும்: சண்டை, சிரிப்பு, மழைநாள் அடுப்பு, பட்டா கேட்டு எழுதிய மனு. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஒருநாள் பக்கத்துக் குடிசையின் சாவுக்கு முன்னால் கேமராவோடு நிற்க நேரும். அந்த வீட்டுக்காரர்கள் மறுநாள் படத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்பதையும், ஒளியளவு கற்றுக்கொள்ளும்போதே அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.