திறந்து வந்த கடிதங்கள்

சிறுகுருமடத்தில் நாம் பயின்ற நாட்களில், வீட்டிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் உறை கிழிக்கப்பட்டே நம் கைக்கு வந்து சேரும். அதிபர் தந்தை படித்த பின்னரே நாம் படிக்க வேண்டும். நாம் எழுதும் பதிலையும் உறையை ஒட்டாமல் அவரது மேசையில் வைக்க வேண்டும். இது யாவருக்கும் தெரிந்த விதி. அதில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆயினும் ஓராண்டுக்குள் நம் கடிதங்களின் நடையே மாறிப்போயிற்று. நலமாயிருக்கிறேன், நன்றாகச் செபிக்கிறேன், உணவுக்குக் குறைவில்லை என்பதற்கு மேல் நாம் எழுதியதில்லை. காய்ச்சலில் கிடந்த ஒரு வாரத்தை அம்மாவுக்குத் தெரிவிக்கவே இல்லை. தெரிவிக்கக் கூடாது என்று எவரும் சொல்லவுமில்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அக்கடிதங்கள் நினைவுக்கு வரக் காரணம், பங்குப் பள்ளியின் அலுவலகத்திற்குப் புதுக் கணிப்பொறி பொருத்த வந்த ஓர் இளைஞர். வேலை முடித்துப் புறப்படும்போது அவர் குரலைத் தாழ்த்தி, "ஃபாதர், இதுல ஒரு சாஃப்ட்வேர் போட்டுத் தரேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்கிரீனைப் படம் எடுத்து உங்க போனுக்கு அனுப்பிடும். கிளார்க் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது" என்றார். கட்டணமும் இல்லையாம். நாளை வந்து சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். உடனே மறுக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

ஏனெனில் ஊதியம் தருபவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. கூலி பெற்ற நேரத்திற்கு உழைப்பைத் தராதிருப்பதும் நீதிக்கு எதிரான குற்றமே. அக்கணிப்பொறியில் பிள்ளைகளின் விவரங்கள் இருக்கின்றன. பெற்றோர் செலுத்திய கட்டணத்தின் கணக்கு இருக்கிறது. அவை கசிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தாளாளரே. ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், பகைவரை மட்டுமன்றித் தம் பணியாளரையும் சுற்றத்தாரையும் ஆராயச் சொல்கிறாரே என்று தமிழாசிரியர் ஒருவர் நமக்கு எடுத்துக் காட்டினார். மெய்தான். ஆனால் அது நாடு காக்கும் அரசனுக்குப் பொருட்பாலில் சொன்னது. அங்கும் ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கும் கடமை அரசனுக்கு உண்டு. தெரிந்து தெளிதலிலோ, ஆராய்ந்து தேர்ந்துகொண்ட ஒருவரைப் பின்னர் ஐயுறுவது நீங்காத துன்பம் தரும் என்கிறார். பதினாறு ஆண்டுகளாகச் சாவிக்கொத்தை நாம் ஒப்படைத்திருக்கும் பெண்மணியை எண்ணிக்கொண்டோம்.

ருமேனியா நாட்டில் நிகழ்ந்த ஒரு வழக்கு இங்கே பொருந்தும். புகாரெஸ்டு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பொறுப்பிலிருந்த பொறியாளர், வாடிக்கையாளருக்குப் பதில் தருவதற்காக, நிறுவனம் கேட்டுக்கொண்டபடி யாஹூ மெசெஞ்சரில் ஒரு கணக்குத் தொடங்கினார். சொந்தக் காரியங்களுக்கு அலுவலகக் கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்பது அங்கே விதி. 2007 ஜூலையில் ஒன்பது நாட்கள் அவரது உரையாடல்களை நிறுவனம் பதிவு செய்தது. பின்னர் அழைத்துக் கேட்டபோது, அலுவலுக்கு மட்டுமே பயன்படுத்தினேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். உடனே 45 பக்கப் பதிவு ஒன்றை அவர்முன் வைத்தார்கள். தம் சகோதரனோடும் மணக்கவிருந்த பெண்ணோடும் அவர் பேசியவை அதில் இருந்தன, அந்தரங்கமானவையும் இருந்தன. ஆகஸ்டு முதல் நாள் வேலை போயிற்று. ருமேனிய நீதிமன்றங்களும், 2016 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் ஓர் அமர்வும் நிறுவனத்தின் பக்கமே நின்றன. 2017 செப்டம்பர் 5 அன்று அதன் பேரமர்வு, பதினொருவருக்கு அறுவர் என்ற கணக்கில் அத்தீர்ப்பை மாற்றியது. கண்காணிப்பே கூடாது என்று அது சொல்லவில்லை. முன்கூட்டி அறிவித்தார்களா, எந்த அளவுக்குப் பார்த்தார்கள், என்ன காரணத்துக்காக, இதைவிட மென்மையான வழி இல்லையா என்று ருமேனிய நீதிமன்றங்கள் கேட்டிருக்க வேண்டும் என்றது. விதி எவ்வளவு கடுமையாயினும், பணியிடத்தில் மனிதனின் தனிவாழ்வை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட முடியாது என்றது.

அந்த மனிதர் பொய் சொன்னாரே என்பீர்கள். சொன்னார். ஆயினும், கேட்டவர்கள் உரையாடல்களின் உள்ளடக்கத்தையும் பார்த்திருந்ததை அவரிடம் சொல்லாமலே கேட்டார்கள். இவ்விரண்டில் எது பெரிது என்று நாம் இன்னும் தீர்மானிக்கவில்லை.

2024 டிசம்பரில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், வீடு மனைத் துறை நிறுவனம் ஒன்றுக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. அங்கே விசைப்பலகையும் சுட்டியும் மூன்று முதல் பதினைந்து நிமிடம் அசையாதிருந்தால் அது வேலையற்ற நேரமாகப் பதிவாகும். தக்க காரணம் காட்டாவிட்டால் ஊதியத்தில் பிடித்தம் செய்யவும் இடமிருந்தது. தொலைபேசியில் பேசியதும், கூட்டத்தில் அமர்ந்திருந்ததும் அக்கருவிக்குச் சோம்பலே. எழுதுமுன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பவர் அங்கே என்ன ஆவார்? இக்கட்டுரையை எழுதும்போது நம் விரல்கள் எத்தனை பதினைந்து நிமிடங்கள் சும்மா கிடந்தன என்பது நமக்குத் தெரியும்.

நம் அதிபர் தந்தை கண்டிப்பானவர். ஆயினும் நம்மோடு அதே பந்தியில் உண்டவர். படித்த கடிதத்தைத் தரும்போது நம் முகத்தைப் பார்த்தே தந்தார். அவரோடு வாதாட முடிந்தது. ஒருமுறை வாதாடியும் இருக்கிறோம். பத்து நிமிடத்திற்கு ஒரு படமெடுக்கும் கருவியோடு எவர் வாதாடுவது? வேலையைப் பார்ப்பதற்கு வேறு வழிகள் உண்டு. மாதக் கணக்கு முடிந்ததா, கடிதங்களுக்குப் பதில் போயிற்றா என்று கேட்டால் தெரிந்துவிடும். அக்கருவியோ வேலையை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறது.

மறுநாள் அந்த இளைஞரிடம் வேண்டாம் என்றோம். கட்டணக் கணக்கை எவர் எப்போது திருத்தினார் என்ற பதிவு மட்டும் போதும் என்று அமைத்துக்கொண்டோம். அதை எழுத்தர் அம்மையாரிடமும் சொல்லிவிட்டோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்படின்னா பையனோட ரிசல்ட்டை இதுல பார்த்துக்கலாமா சாமி? போன தடவை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போய்த்தான் பார்த்தேன்" என்றார்.

பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்றோம். தேர்வு முடிவு வந்த அன்று நாம் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். அவரே எழுந்து, கணிப்பொறித் திரையைச் சன்னல் பக்கமாகத் திருப்பி வைத்து நம்மை அழைத்தார்.