பூக்காத செடியை என்ன செய்வது?



இந்த மாதம் நம் தியானத்துக்கு லூக்கா 13-ம் அதிகாரம், 6 முதல் 9 வரையுள்ள பகுதியை எடுத்துக்கொள்வோம். இந்தப் பத்திரிகையை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு, வேதத்தைத் திறந்து வாசித்துவிட்டு வாருங்கள். மூன்று வருஷமாகப் பழம் தராத ஓர் அத்திமரம். அதை வெட்டச் சொல்லும் எஜமான். இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கும் தோட்டக்காரன். இவ்வளவுதான் கதை. ஆனால் பூக்காத, காய்க்காத ஒன்றை நாம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

ஒரே வாரத்தில் இந்தக் கேள்வி இரண்டு விதமாக என்னிடம் வந்தது.

நம் சபைச் சகோதரி ஒருவர் செங்கல்பட்டில் தன் வீட்டு வாசலில் சாமந்தி வளர்க்கிறார். "ஐயா, ஊரெல்லாம் சாமந்தி பூத்துக் குலுங்குது. என் தொட்டியில மட்டும் இலையா தள்ளுது, ஒரு மொட்டு கூட இல்ல. பிடுங்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். அதே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் தனியாக வந்து, "பாஸ்டர், அந்தத் தம்பி ஞானஸ்நானம் எடுத்து மூணு வருஷமாச்சு. சாட்சி சொல்றதில்ல, ஜெபக்கூட்டத்துக்கு வர்றதில்ல. பேரை எடுத்துடலாமா?" என்றார்.

இரண்டு கேள்வியும் ஒன்றுதான், பிரியமானவர்களே.

முதலில் சகோதரியின் செடியைப் பார்ப்போம். (சிலர், "சாமந்தி பூஜைப் பூவாச்சே, விசுவாசி வீட்டில் வைக்கலாமா?" என்பார்கள். பூமியும் அதிலுள்ள எல்லாமும் கர்த்தருடையவை என்று 24-ம் சங்கீதமும் 1 கொரிந்தியர் 10-ம் அதிகாரமும் போதிக்கின்றன. மனிதன் அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறான் என்பதற்குச் செடி பொறுப்பல்ல.)

சாமந்தி இரவைப் பார்த்துப் பூக்கிற செடி. பகல் நீண்டிருக்கும்போது இலையும் தண்டுமாக வளரும். இரவு நீளத் தொடங்கினால்தான் மொட்டு வைக்கும். நம் செங்கல்பட்டுப் பகுதியில் ஜூன் மாதத்தில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிஷம் இருக்கும். டிசம்பரில் அது ஏறக்குறைய 11 மணி 25 நிமிஷமாகக் குறையும். ஜூன், ஜூலையில் நட்ட சாமந்தி மழைக்காலத்தின் முடிவில் பூக்க இதுவே காரணம். பகலின் அளவுக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920-ல் எழுதி வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட செடிக்கு முக்கியம் பகலின் அளவைவிட இடையில் உடையாத இரவுதான் என்பது 1938-ல் வேறொரு செடியை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் தெரியவந்தது. நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும் போதும், செடி அந்த இரவை இரவாக எண்ணாது.

சகோதரியின் தொட்டி இருந்தது எங்கே தெரியுமா? தெருவிளக்குக்கு நேர் கீழே! ராத்திரி முழுவதும் அதன்மேல் வெளிச்சம். செடிக்கு ஒரு நோயும் இல்லை. தொட்டியை வீட்டின் பின்பக்கம், இருட்டு உள்ள இடத்துக்கு மாற்றச் சொன்னேன். பத்து வாரத்துக்குள் பூத்தது. ஸ்தோத்திரம்! அதே செடிதான், அதே மண்தான். வைத்த இடம் மட்டும் மாறியது.

இப்போது அந்தத் தம்பி. அவருக்கு மகேந்திரா சிட்டி பக்கம் ஷிப்டு வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. நம் ஜெபக்கூட்டம் வெள்ளிக்கிழமை இரவு. ஞாயிறு காலை நாம் பாடிக்கொண்டிருக்கும்போது அவர் வேலை முடிந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறார். மூன்று வருஷத்தில் நம்மில் எத்தனை பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறோம்? "ஏன் பூக்கவில்லை?" என்று செடியைக் கேட்பதற்கு முன்னால், "எங்கே வைத்தோம், என்ன ஊற்றினோம்?" என்று வளர்த்தவனைக் கேட்க வேண்டாமா?

அத்திமரத்தின் தோட்டக்காரனைக் கவனியுங்கள். எஜமானின் குற்றச்சாட்டு நியாயமானது. மரம் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்பது உண்மை. தோட்டக்காரன் அதை மறுக்கவில்லை. "நல்ல மரம்தான் ஐயா" என்று பொய்ச் சாட்சியும் சொல்லவில்லை. தான் செய்யப்போகும் வேலையைப் பற்றித்தான் பேசுகிறான். சுற்றிலும் மண்ணைக் கொத்துவேன், எரு இடுவேன் என்று தன்னையே பொறுப்பாக்கிக்கொள்கிறான். இரக்கம் என்றால் "போகட்டும், விடு" என்று சொல்வதல்ல. "இன்னும் ஒரு வருஷம் என் உழைப்பை இதில் போடுகிறேன்" என்று சொல்வதே இரக்கம். கொத்தாதவனுக்குத் தவணை கேட்கவும் உரிமையில்லை, வெட்டச் சொல்லவும் உரிமையில்லை.

"அப்படியானால் சபையில் கண்டிப்பே வேண்டாமா பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். வேண்டும். சாமந்தி வளர்க்கிறவன் கையில் மூன்று வேலை உண்டு. மூன்றும் வேறு வேறு.

1. கிள்ளுவது

நட்டு நாலு வாரத்தில் சாமந்தியின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் ஒற்றைத் தண்டாக உயர்ந்து, கொஞ்சம் பூத்து, காற்றில் சாய்ந்துவிடும். கிள்ளினால் பக்கத்தில் பல கிளை வெடித்து, செடி நிறையப் பூக்கும். இது செடியின் நன்மைக்காகச் செய்வது. எபிரெயர் 12-ம் அதிகாரத்தில் வரும் தகப்பனின் சிட்சை இதுதான். யோவான் 15-லும் கனி கொடுக்கிற கொடியின்மேல்தான் சுத்தம்பண்ணுகிற கை படுகிறது. ஆனால் காலம் பார்த்துக் கிள்ள வேண்டும். மொட்டு வைக்கிற நேரத்தில் கிள்ளினால் போவது பூ. முதல்முறை வாய்திறந்து ஜெபித்த வாலிபனிடம், "வார்த்தை சரியில்லையே தம்பி" என்று அன்றைக்கே சொன்னால், மறுவாரம் அவன் வாய் திறக்கமாட்டான்.

2. வெட்டிவிடுவது

பூத்து முடிந்ததும் செடி காய்ந்த குச்சிபோல நிற்கும். பலர் அதைக் குப்பையில் போட்டுவிட்டு நர்சரியில் புதுச் செடி வாங்குகிறார்கள். ஐயோ, அது சாகவில்லை! தண்டைத் தரையிலிருந்து நாலைந்து அங்குலம் விட்டு வெட்டி, கொஞ்சம் தொழுஉரம் போட்டால், அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். கத்திரி வெயிலில் அரைநிழலில் வைத்து, காலையில் வேருக்குத் தண்ணீர் விட்டுக் காப்பாற்றினால், ஜூனில் அந்தக் கன்றுகளைப் பிரித்து நடலாம். அடுத்த வருஷத்துப் பூ எல்லாம் இந்தப் பழைய வேரில்தான் இருக்கிறது.

நம் சபையில் படுக்கையில் இருக்கும் தாய்மாரையும் தகப்பன்மாரையும் நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் கைப்பிரதியோடு தெருத்தெருவாக நடந்தவர்கள். உபவாச ஜெபத்தில் விடியவிடிய முழங்காலில் நின்றவர்கள். இன்று அவர்களால் ஆராதனைக்கு வர முடியவில்லை, காணிக்கை கொடுக்க முடியவில்லை. பூ முடிந்தது என்று மறந்துவிட்டோமா? இன்று மேடையில் பாடுகிற பிள்ளைகள் அந்த வேரின் கன்றுகள் அல்லவா?

3. பிடுங்குவது

வேரழுகல் பிடித்து வாடிய செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தத்தான் வேண்டும். விட்டால் பக்கத்துச் செடிக்கும் பரவும். 1 கொரிந்தியர் 5-ல் பவுல் இதைத்தான் போதிக்கிறார். துணிகரமான பாவத்தைச் சபை மூடிவைக்கக் கூடாது. ஆனால் நோய் வேறு, பூக்காமை வேறு. பாவத்தில் நிலைத்திருக்கிறவனுக்குரிய தண்டனையைச் சோர்ந்துபோனவனுக்குக் கொடுக்காதீர்கள். தண்டனை பெற்ற ஒருவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனுக்கு மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்றும் 2 கொரிந்தியர் 2-ல் அதே பவுல் கேட்டுக்கொள்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூலபாஷையாகிய கிரேக்கில் அந்தத் தோட்டக்காரன், அடுத்த வருஷமும் கனியில்லாவிட்டால் வெட்டுகிறவர் எஜமான் என்றே பேசுகிறான். "நான் வெட்டுவேன்" என்று அவன் சொல்லவில்லை. கொத்துவது தன் வேலை, தீர்ப்பு எஜமானின் வேலை என்று அவனுக்குத் தெரியும். நாமோ பல நேரம் மண்வெட்டியைத் தொடாமலே கோடாலியைத் தூக்குகிறோம்.

எல்லாருக்கும் ஒரே எருவும் ஆகாது. செங்கல்பட்டு ஏரியோரக் களிமண்ணில் மழைத்தண்ணீர் தேங்கி சாமந்தி வேர் அழுகும். அங்கே மேட்டுப்பாத்தி வேண்டும். மாமல்லபுரம் பக்கம் கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது. உப்புக்காற்றும், பல கிணறுகளில் உப்புத்தண்ணீரும் உண்டு. அங்கே தொழுஉரம் கூடுதலாகவும், மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றவும் வேண்டும். 2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியதே, அப்படிப்பட்ட ராத்திரியில் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைப்பதுதான் தோட்ட வேலை. ஒருவருக்குப் புத்தி சொல்ல வேண்டும், ஒருவருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், ஒருவரோடு சும்மா கூட உட்கார்ந்திருந்தால் போதும்.

அந்தத் தம்பியின் பேரை நாங்கள் எடுக்கவில்லை. அவருக்கு விடுமுறை இருக்கிற நாளைக் கேட்டு, மூப்பரும் நானும் அவர் வீட்டிலேயே ஒரு சிறு ஜெபம் வைத்திருக்கிறோம். கேள்வி கேட்ட மூப்பர்தான் இப்போது ஒரு வாரமும் தவறாமல் முதலில் வந்து நிற்கிறார். தம்பி இன்னும் சாட்சி சொல்லவில்லை. மொட்டு வைக்கவில்லை. கொத்திக்கொண்டிருக்கிறோம்.

தேவபிள்ளையே, ஒருவேளை நீயே அந்தப் பூக்காத செடியாக இருக்கலாம். தவணை உண்டு, ஆனால் அது ஒரு வருஷத் தவணை என்பதை மறவாதே. உனக்காகப் பரிந்து பேசுகிறவர் இன்றும் உன் வேரண்டையில் குனிந்திருக்கிறார். மனுஷர் பார்க்கும் வெளிச்சத்திலேயே எந்நேரமும் நிற்காதே. அறைவீட்டின் கதவைப் பூட்டி, பிதா மாத்திரம் பார்க்கும் இடத்துக்குப் போ. நீண்ட இரவு வழியாய்க் கடந்துபோகிறாயா? சோர்ந்துபோகாதே. சாமந்திக்கு மொட்டு வைக்கும் காலம் அதுவே.

இந்த மாதம் ஒவ்வொரு குடும்பமும் சபைக்கு வராத ஒருவருடைய பேரை ஜெபக்குறிப்பில் எழுதி, அவர் வீட்டுக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். குறை சொல்லப் போகாதீர்கள், மண்வெட்டியோடு போங்கள். கர்த்தர் தாமே நம் சபையைத் தமது தோட்டமாகக் காத்து, ஏற்ற காலத்தில் பூக்கச் செய்வாராக. ஆமென், அல்லேலூயா!