நாவின் தீர்ப்பு

நாக்கு சொல்லும் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பண்டத்தை வாயில் வைக்கிறோம். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று அந்தக் கணமே முடிவு கட்டிவிடுகிறோம். மற்ற விஷயங்களில் சாட்சியும் காரணமும் கேட்கிறவர்கள்கூட ருசி விஷயத்தில் எதையும் கேட்பதில்லை. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது மிகவும் சாதுவான வாக்கியம். அதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று தோன்றும். ஆனால் அந்த வாக்கியம் பல பேர் வாயிலிருந்து ஒருசேரப் புறப்படும்போது, ஒரு கொடி பூமியிலிருந்தே மறைந்துபோகக் கூடும். போர்ச்சுகல் தேசத்துத் திராட்சை மதுவின் கதை இதைத்தான் எனக்குச் சொல்கிறது.

மதுவைப் பற்றியா எழுதுவது என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். குடிப்பது நன்றா தீதா என்பது தனி வழக்கு. அதை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. பழக்கமில்லாத ஒன்றை முதன்முதலில் ருசிக்கும்போது நமக்கு என்ன கடமை இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஜன்னல், அலமாரி, சாவி என்ற சொற்களை நம் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுப் போன தேசம் போர்ச்சுகல். அந்தச் சிறிய நாட்டில் அந்த மண்ணுக்கே உரிய திராட்சை இனங்கள் 250-க்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்குக் குடியானவர்கள் வைத்த பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒன்றின் பெயர் 'ஆட்டு வால்'. இன்னொன்று 'ஈ எச்சம்'. பழுத்தவுடன் அதன் தோலில் பழுப்புப் புள்ளிகள் விழுமாம். மூன்றாவதன் பெயர் 'நாயின் கழுத்தை நெரிப்பது'. அத்தனை புளிப்பு! இவையெல்லாம் கொஞ்சுகிற பெயர்கள் அல்ல, வசவுகள். ஆனால் வைதவர்கள் கொடியை வெட்டவில்லை. வைதுகொண்டே தண்ணீரும் எருவும் போட்டு வளர்த்தார்கள். நாயின் கழுத்தை நெரிக்கும் அந்தத் திராட்சையே மதீரா தீவில் செர்சியால் என்ற பெயரோடு உலகப் புகழ் பெற்ற மதுவாகிறது. பல பத்தாண்டுகள் கெடாமல் அது நிற்பதற்கு அந்தப் புளிப்பும் ஒரு காரணம். இளமையில் குற்றமாகத் தெரிந்த குணம் முதுமையில் தாங்கு தூணாக நிற்கிறது.

லிஸ்பன் நகருக்கு அருகே, அட்லாண்டிக் கடலோரத்தில், கொலாரஸ் என்றொரு ஊர். அங்கே விளைவது ரமிஷ்கோ என்ற கறுப்புத் திராட்சை. மேலே கடல் மணல்; அடியில் களிமண். கொடியின் வேர் களிமண்ணில் இறங்க வேண்டும் என்பதற்காக மணலில் ஆழமாகப் பள்ளம் தோண்டுவார்கள். மணல் சரிந்து மூடிக்கொண்டால் மூச்சு விட இடம் வேண்டுமென்று, பள்ளத்தில் இறங்குகிறவர்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்தார்களாம். 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நுண்ணிய பூச்சி ஐரோப்பாவின் திராட்சை வேர்களையெல்லாம் தின்று தீர்த்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப் போட்டுத்தான் மற்ற இடங்கள் பிழைத்தன. கொலாரஸின் மணலில் அந்தப் பூச்சியால் வாழ முடியவில்லை. ஆகையால் ரமிஷ்கோ தன் சொந்த வேரிலேயே நின்றது.

இப்படி உயிரைப் பணயம் வைத்து நட்ட கொடியின் ரசம் எப்படி இருக்கும்? புதிதாகக் குடித்தால் வாயை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு. பல வருஷம் காத்திருந்தால்தான் அது இளகும். நெல்லிக்காயைக் கடித்தவுடன் துப்பிவிடுகிற குழந்தைக்கு, அதன் மேல் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் வரும் தித்திப்பு தெரியாமலே போய்விடுகிறது. அதைப் போலத்தான் இதுவும். அவசரக்காரர்கள் துப்பினார்கள். நகரம் வளர வளர மணல் நிலம் வீட்டு மனையாக நல்ல விலைக்குப் போயிற்று. பூச்சியால் அழிக்க முடியாத தோட்டம் மனைகளாகிச் சுருங்கியது. இன்று மிச்சமிருப்பது பழைய பரப்பில் ஒரு சிறு துண்டுதான்.

ருசி பார்க்கிறவன் மட்டுமா அவசரப்படுகிறான்? அறிந்தவர்களும் படுகிறார்கள். பூச்சிக் கொள்ளைக்குப் பிறகு மறுபடியும் கொடி நட்டபோது, தூரிகா நசியோனால் என்ற இனத்தைக் குடியானவர்கள் பெரும்பாலும் ஒதுக்கினார்கள். பழம் சிறியது, காய்ப்பு குறைவு. எடை போட்டு விற்கிறவனுக்கு அது கட்டுப்படி ஆகுமா? ஆகாதுதான். ஆனாலும் எங்கோ சிலர் அதை விட்டுவிடவில்லை. அந்தத் திராட்சைதான் இன்று போர்ச்சுகலின் பெருமைக்குரிய முதல் பெயர்.

டூரோ பள்ளத்தாக்கின் பழைய தோட்டங்களில் பத்து, இருபது இனங்களைக் கலந்தே நடுவது வழக்கம். ஒன்று மழையில் அழுகினால் மற்றொன்று தாங்கும் என்ற யோசனை. 1981-இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கூட்டத்திலிருந்து சிறந்தவை என்று ஐந்து இனங்களை எடுத்துக் காட்டினார்கள். அவற்றில் தூரிகா நசியோனாலும் ஒன்று. பிறகு உலக வங்கியின் கடனுதவியோடு புதிய தோட்டங்களில் அந்த ஐந்துமே பரவின. அவர்கள் செய்தது நேர்மையான ஆராய்ச்சி. பலனும் நல்ல பலன். ஆனால் ஐந்தைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை தேறாதவை என்று உலகம் தானாகவே பொருள் செய்துகொள்கிறது. இன்று பழைய கலப்புத் தோட்டங்களைத் தேடி அலைகிறார்கள். ஒதுக்கப்பட்ட இனங்களில் சிலவற்றைத் திரும்பவும் நடுகிறார்கள். முன்பு ஒதுக்கப்பட்ட ஒன்றே தேர்ந்தெடுத்த ஐந்தில் இடம் பெற்றது என்றால், ஒதுக்கியவர்களின் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்புவது?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "அரிய கொடிகளைக் காப்பாற்று என்று உபதேசம் செய்வது சுலபம். காய்க்காத கொடியை வைத்துக்கொண்டு குடியானவன் எதைச் சாப்பிடுவான்?" இந்தக் கேள்விக்கு முன்னால் ரசிகன் தலைகுனியத்தான் வேண்டும். பைராடா என்ற மழைப் பிரதேசத்தில் பாகா என்றொரு திராட்சை உண்டு. அது பழுக்க நாளாகும். அதற்குள் இலையுதிர் கால மழை வந்து அழுகிவிடும். தப்பிப் பிழைத்ததிலும் புளிப்பும் துவர்ப்பும் மிகுதி. அதைப் பிடுங்கிவிட்டு வேறு இனம் நட்டவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அதே ஊரில் லூயிஸ் பாட்டோ போன்றவர்கள் வேறு வழி பார்த்தார்கள். காயிலேயே குலைகளைக் குறைத்து, மிச்சமுள்ளதை நன்றாகப் பழுக்கவிட்டு, காம்பு நீக்கிப் பக்குவப்படுத்தினார்கள். பாகாவுக்கு மரியாதை வந்தது. ஆனால் குலைகளைக் குறைப்பதென்றால் வருமானத்தைக் குறைப்பதல்லவா? யாரோ ஒருவர் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால்தான் அந்தப் பொறுமை நடக்கும். ரசிப்பது நாமும் நஷ்டப்படுவது அவனும் என்றால், நம் ரசனைக்கு உண்டியலில் செல்லாக் காசு போடுகிறவனின் பக்தியைவிட மதிப்பு அதிகம் இல்லை.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் போற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. துவர்ப்பதெல்லாம் பின்னால் இனிக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. காத்திருந்து பார்த்தும் உதவாத மது உண்டு. அதை உதவாது என்று சொல்வதே நேர்மை. நான் கேட்பது சிறிய விஷயம். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதும் "இது இருக்க வேண்டாம்" என்பதும் ஒன்றல்ல. முதலாவதைச் சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. இரண்டாவதைச் சொல்ல ஒரு தலைமுறைக்கே உரிமை இருக்கிறதா என்பது சந்தேகம். கொடி போய்விட்டால் பின்னால் வருகிறவனின் நாக்கு எதை வைத்து நம் தீர்ப்பைத் திருத்தும்?

அந்தக் குடியானவர்களின் வசவுப் பெயர்கள்தான் என் நினைவில் நிற்கின்றன. புளிப்பைப் புளிப்பு என்றே சொன்னார்கள். சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அதே கொடிக்குக் கிளை கழிக்கப் போனார்கள்.