ஓநாய்க்கு ஓட்டு

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி இது. ஓநாய்க்காக மனிதர் இரங்கி, ஓட்டும் போட்டார்கள் என்றால் அந்தப் பாட்டிமார் நம்புவார்களா? அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2020 நவம்பரில் இது நடந்தது.

அங்கே 1940களிலேயே ஓநாய் பூண்டோடு அற்றுப்போயிற்று. பொறி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள், கொன்றவனுக்குப் பரிசும் கொடுத்தார்கள். இப்போதோ, திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, கேள்வி ஜனங்களிடமே போயிற்று. விழுந்த ஓட்டுகள் 30 லட்சத்துக்கும் மேல். வேண்டும் என்ற கட்சி ஏறத்தாழ 57,000 ஓட்டில் வென்றது. நூற்றுக்கு ஐம்பத்தொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முள் இனிமேல்தான் இருக்கிறது. வேண்டும் என்ற ஓட்டுகள் டென்வர், போல்டர் போன்ற நகரங்களில் குவிந்தன. அவை மலைக்குக் கிழக்கே இருக்கின்றன. ஓநாயை விடவேண்டியதோ மலைக்கு மேற்கே. சட்டமே அப்படித்தான் சொல்லிற்று. அந்த மேற்குப் பகுதியின் மாவட்டங்களில் பெரும்பாலானவை வேண்டாம் என்றவை. கன்றைப் பறிகொடுக்கப் போகிறவன் ஒருவன்; கணப்பருகே அமர்ந்து ஓநாயின் அழகைப் படத்தில் பார்க்கிறவன் ஒருவன். இருவருக்கும் ஓர் ஓட்டுத்தானா?

அப்படியானால் மேற்கே இருப்பவனை மட்டும் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அதற்கும் என் மனம் ஒப்பவில்லை. அவன் மாடு மேய்கிற புல்வெளியில் பெரும்பகுதி தேசத்தின் பொதுச் சொத்து. அநுமதிச் சீட்டுப் பெற்று மேய்க்கிறான். நகரத்தானுக்கும் அதில் பங்குண்டு. தவிர, அன்று ஓநாயை ஒழித்தபோது யாரும் யாரிடமும் ஓட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவன் பார்வைதான் நியாயம் என்றால், கிணற்றுத் தகராறுகளெல்லாம் கிணற்றடியிலேயே தீர்ந்திருக்கும்!

2023 டிசம்பர் 18இல், ஆரிகானிலிருந்து கொண்டுவந்த ஐந்து ஓநாய்களைத் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஒரு ஜோடி குட்டி போட்டது. கன்றும் ஆடும் செத்தன. குடும்பத்தோடு பிடித்தார்கள், பிடிபட்ட ஆண் ஓநாய் சில நாளில் இறந்துபோயிற்று. அதன் உடம்பில் முன்னமே குண்டடி பட்ட காயம் இருந்ததாம். யாருக்கு இது வெற்றி?

நஷ்டஈடு இல்லாமல் இல்லை. ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை சர்க்கார் கொடுக்கிறது. எடை குறைந்ததற்கும், சினை பிடிக்காததற்கும்கூட ஈடு கேட்டார்கள். ஆனால் பனியில், இருட்டில், பசு கதறுகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடுகிறானே, அந்தத் தூக்கத்துக்கு எந்தக் கணக்கில் பணம் எழுதுவது?

எனக்கு ஓட்டு இருந்திருந்தால், வேண்டும் என்றே போட்டிருப்பேன். போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருக்க மாட்டேன். அங்கே இப்போது ஓர் ஏற்பாடு உண்டு. மோட்டாரின் எண் பலகையில் ஓநாய்ப் படம் வேண்டுகிறவர்கள் கூடுதல் பணம் கட்டுகிறார்கள். அந்தப் பணம், ஓநாயைக் கொல்லாமல் மந்தையைக் காக்கும் வேலைக்குப் போகிறது. நகரத்தான் செய்ததில் எனக்குப் பிடித்தது அந்தப் பலகைதான்.