பெயரற்றவர் யார்?

ஈப்போவின் பிர்ச் மணிக்கூண்டு 1909-ஆம் ஆண்டில் எழுந்தது. பேராக்கின் முதல் ஆங்கில ரெசிடெண்டாக வந்து, 1875-ல் பாசிர் சாலாக்கில் கொலையுண்ட பிர்ச் துரையின் ஞாபகார்த்தம் அது. அதனை அடுத்த வீதிக்கோ, அக்கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோரின் பெயர் வழங்குகிறது. இவ்விரண்டில் ஒன்றை நீக்குவதே நீதி என்பார் உளர். யாம் அங்ஙனம் கருதோம். கொலையுண்டவரையும் தூக்கிலேறியவரையும் ஒருங்கே காட்டும் தெரு, பாதி உண்மை பேசும் தெருவினும் மேலானது.

ஆயினும், இவ்வழக்கில் சேராத மூன்றாந் திறத்தார் உளர். அன்றைய பகலிலேயே பத்து காஜா பக்கம் செல்லும் யாத்திரிகர், கெல்லி மாளிகையையும் அதற்கு அணித்தேயுள்ள மாரியம்மன் ஆலயத்தையும் காண்பர். மாளிகை வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் விஷக்காய்ச்சலால் மாண்டபோது, எஞ்சியோர் வேண்ட, கெல்லி ஸ்மித் துரை கட்டுவித்த கோயில் அதுவென்பர். அங்கே தெய்வ உருவங்களுக்கிடையே துரையின் உருவமென்று ஒன்றைக் காட்டுவர். மாண்டாருடைய பெயரை யார் காட்டுவார்?

ஆண்டவர்க்கு மணிக்கூண்டு, எதிர்த்தவர்க்கு வீதி, பொருள் தந்தவர்க்குக் கோயிலில் இடம். உழைத்து மாய்ந்தவர்க்கு? பிறர் செய்திலரென்று புலம்புவதிற் பயனில்லை. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை தந்தோர் பெயரைப் பளிங்கிற் பொறிக்கும் நாம், பால்மரம் சீவிய நம் பாட்டன் பாட்டியர் பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்திலேனும் எழுதி வைத்தோமா? தோழர்களே, நீதி அங்கே தொடங்கட்டும்.